மெதுவாண்ணன் மெடல் விஷயமாக

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்குக் குறையொன்றுமில்லை, அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, எனக்குத்தான் மாடிப்படியைப் பார்த்தாலே முழங்கால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இது திட்டுக் கடிதம், உடம்பு சரியில்லாதவனைத் திட்ட எனக்கு மனசு வராது. குழந்தைக்குப் பல் முளைத்த படம் வந்தது. அப்பா அதைப் பெரிதாகப் போட்டு எடுத்துவந்து மருந்துக் கடைக்காரர் வரைக்கும் காட்டியாயிற்று. நல்ல சேதியை எழுதிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை, செத்துப்போனவருக்கு மெடல் எதுக்கு, விடும்மா, வீணாக ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டு உன் பென்ஷனுக்கு நீயே வேட்டு வைத்துக்கொள்ளாதே என்றாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். நீ அப்படிச் சொன்ன அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து எனக்கே புத்தி சொல்வாய், கடிதத்தில் உன்னால் அது முடியாது, அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி, மருமகளையும் படிக்கச் சொல்.

உனக்கு நான் யுத்தத்தைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. மெதுவாண்ணன் என்பது அவர் பெயரில்லை, எங்கள் கள ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர். ஸ்ட்ரெச்சரை ஏற்றினாலும் இறக்கினாலும் மெதுவா, மெதுவா என்று கத்திக்கொண்டே இருப்பார். வண்டி ஒரு குழியில் இறங்கிவிட்டால் பின்னால் படுத்திருக்கிறவனிடம் தலையைத் திருப்பி மன்னிப்புக் கேட்பார், அவன் மயக்கத்தில் இருந்தாலும் கேட்பார். நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், கரும்பலகையில் கணக்குப் போட்டது போட்டபடி கிடக்க, பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டுக் கட்டிலாக்கியிருந்தோம். அன்றைக்குக் காலையிலிருந்தே பாலத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் ஒரு மாவு மில்லில் நம் ஆட்கள் பதினொரு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. மேலதிகாரி கையெழுத்தில்லாமல் எந்த வண்டியும் பாலத்தைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. மேலதிகாரி தலைமையகத்துக்குப் போயிருந்தார், டெலிபோன் கம்பி அறுந்து கிடந்தது. டாக்டரோ ஒருவன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், அவரிடம் பேசப் போனால் கத்தியை எறிவார். அன்று வார்டுக்குப் பொறுப்பு நான்தான், எனக்கு இருபத்தாறு வயசு.

மெதுவாண்ணன் இரண்டு தடவை போய் நாலு நாலு பேராக எட்டுப் பேரைக் கொண்டுவந்தார். மிச்சம் மூன்று பேருக்காக மூன்றாம் தடவை போனபோது பாலமும் வண்டியும் சேர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டன. அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள், நானே கட்டுப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். டாக்டர் அன்றைக்கே வீரப் பதக்கத்துக்குச் சிபாரிசு எழுதினார், கம்பவுண்டர்தான் டைப் அடித்தார். அடுத்த வாரம் என்னை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் எழுதியாயிற்று, மெடல் வீட்டுக்குப் போயிருக்கும் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருஷம் எங்கள் பழைய ஆட்கள் கூடின இடத்தில் பதக்கம் வாங்கியவர்களின் பெயர்களை ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். மெதுவாண்ணன் பெயர் இல்லை. மில்லிலிருந்து வந்த சேதியை அன்று வாங்கின வயர்லெஸ்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். திங்கட்கிழமையே மூன்று பேரும் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். எனக்கு முழங்கால், கம்பவுண்டருக்குக் காது, வயர்லெஸ்காரருக்கு ரத்தக் கொதிப்பு, மூன்று பேரையும் சேர்த்தால் முழுசாக ஒரு ஆள் தேறும்.

அங்கே நாலாம் நம்பர் ஜன்னலில் இருந்த குமாஸ்தா பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, நீங்கள் சொந்தக்காரர் இல்லை, ஃபைலைக் காட்ட முடியாது என்றார். கூடவே போரில் இருந்தவர்கள் என்றால் சொந்தமில்லையாம். அவர் கடைசியாகப் புறப்பட்டபோது பக்கத்தில் இருந்தது யார், அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பாவா? வயர்லெஸ்காரர் குரலை உயர்த்த, நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன், அவருக்கு அங்கேயே கொதிப்பு ஏறினால் அதற்கும் நான்தானே பார்க்க வேண்டும். பிறகு மூன்று வாரம் அலைந்து, மெதுவாண்ணனுடைய மகளைக் கண்டுபிடித்தோம். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறாள், நாற்பத்தாறு வயசு, விரல் நுனியெல்லாம் அமிலம் பட்டுப் பட்டுக் காய்த்துப்போயிருக்கிறது. நாங்கள் யார் என்று சொன்னதும் கழுவிக்கொண்டிருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே வைக்காமலே கேட்டாள், எங்கப்பா வண்டியை எடுத்துட்டு ஓடிப்போனார்னு சொல்லத்தான் வந்தீங்களா என்று.

ஐந்து வயசிலிருந்து அந்தப் பெண் கேட்டு வளர்ந்தது அதைத்தான். வீட்டுக்கு மெடல் வரவில்லை, அனுமதியில்லாமல் வண்டியை எடுத்துப் போனார் என்று ஒரு காகிதம்தான் வந்திருக்கிறது. தெருவில் நாலு பேர் அதைப் பத்தாக்கிப் பேசியிருக்கிறார்கள். அவள் அம்மா கடைசிவரை அவர் யூனிஃபார்ம் படத்தை முன்னறையில் மாட்டவில்லையாம், பீரோவுக்குள்ளே துணிக்கு அடியில் வைத்திருந்தாராம்.

அவள் மனுப் போட்டதும் ஃபைல் வந்தது. அதைப் பார்த்த அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, அப்பாவைக் கேள். மேலே டாக்டரின் சிபாரிசு, ஒரே பக்கம். அதன் ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறான், வாகனம் அனுமதியின்றி எடுத்துச் செல்லப்பட்டது, இழப்பு விசாரணை முடியும்வரை விருது நிறுத்திவைக்கப்படுகிறது என்று. கீழே அந்த விசாரணை, மூன்று பக்கம். வண்டியில் டயர் எத்தனை, ஸ்டெப்னி இருந்ததா, ஜாக்கி இருந்ததா, இழுவைச் சங்கிலி எத்தனை அடி, எல்லாம் இருக்கிறது. எட்டுப் பேர் உயிரோடு வந்தார்கள் என்பது அந்த மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. சாட்சிகள் என்ற இடத்தில் எவருமில்லை என்று எழுதியிருக்கிறது. அங்கே பதினாலு பேர் இருந்தோம் தம்பி, ஒருத்தரைக்கூட ஒருத்தனும் கேட்கவில்லை. அந்த விசாரணை இன்றுவரை முடியவுமில்லை. ஆற்றுக்குள் போன ஸ்டெப்னிக்குப் பதில் தெரியாமல் ஒரு மனுஷனின் பெயரை நாற்பத்தோரு வருஷம் அலமாரியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதைத்தான் நீ விடும்மா என்றாய்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் போன மாசம்தான் சொன்னேன். அண்ணன் அனுமதியில்லாமல் போகவில்லை, வார்டு வாசலில் வந்து நின்று என்னிடம் கேட்டார், நான் போகச் சொன்னேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது, தெரிந்துதான் சொன்னேன். பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது உண்மை, கேட்கவில்லையே என்று நான் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததும் உண்மை. கோபத்தில் பாதி அந்தக் குமாஸ்தாக்கள் மேல் என்றால் மீதி என் மேலேதான். அதனால் அதை அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன், கம்பவுண்டரும் வயர்லெஸ்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும், என்னுடையது இருக்கிறதே என்றார் அப்பா. சொல்லிவிட்டு அன்றைக்கு நான்தான் சமைப்பேன் என்று அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் கரியாக்கினார், அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

வியாழக்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னலில் இல்லை, உள்ளே அறைக்கே. எதிரே நாலு நாற்காலியில் நாங்கள் மூன்று பேரும் அண்ணன் மகளும், அதிகாரி தன் நாற்காலியில். சின்ன வயசு, மரியாதையான பிள்ளைதான், என் வாக்குமூலத்தை அவரே சத்தமாகப் படித்தார். அண்ணன் மகளுக்கு அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை, பல தடவை வாய்வரை வந்து முழுங்கியிருக்கிறேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. படித்து முடித்து அதிகாரி, விசாரணையை முடித்துவிடலாம், மெடலும் கொடுத்துவிடலாம், ஆனால் பணிப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதின வரியை அடிக்க விதியில்லை, அது மூடப்பட்ட பதிவேடு என்றார். வண்டி திருடினவர் என்கிற மாதிரி ஒரு வரி, அதற்குப் பக்கத்திலேயே வீரர் என்று ஒரு மெடல், இது எந்த ஊர் நியாயம்? வயர்லெஸ்காரர் எழுந்துவிட்டார். அதற்குள் அவள் பேசினாள், குரல்கூட உயரவில்லை.

"மெடல் வேண்டாம் சார். அந்த வரியை அடிங்க, போதும்."

அதிகாரி பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார், சட்டையெல்லாம் வியர்வை, மேலே என்ன சண்டை போட்டாரோ தெரியாது. எங்கள் முன்னாலேயே சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, பணியிலிருந்த மூத்த செவிலியரின் வாய்மொழி அனுமதியுடன் என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கம்பவுண்டர் காது கேட்காமல் என்ன எழுதினார் என்ன எழுதினார் என்று இரண்டு தரம் கேட்டார், அவள் அவர் காதருகே குனிந்து படித்துக் காட்டினாள்.

அந்த இரண்டு மணி நேரத்தை வேண்டுமென்றேதான் தாண்டி வந்தேன், எழுதக் கை வரவில்லை, ஆனால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நாங்கள் நடைபாதையில் ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான்தான் உங்கப்பாவை அனுப்பினேன் என்று என் வாயாலேயும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று தயாராகத்தான் இருந்தேன். அவளோ, எங்கப்பா என்ன வார்த்தை சொன்னார், அதை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள் என்றாள்.

சொன்னேன். "போகட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். நான் "போங்க" என்றேன். அவ்வளவுதான்.

தம்பி, அந்தக் கேள்வியை நான் நாற்பத்தோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பெண் அப்பாவோடு வளர்ந்திருப்பாள், அந்த ஏழு பேர் செத்திருப்பார்கள், எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அப்ப கேட்டுட்டுத்தான் போயிருக்கார்." எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்த அதே வார்த்தை அவளுக்கு எப்படி இருந்தது பார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள். ஆண்கள் திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

இப்போது புதுச் சண்டை ஒன்று ஆரம்பித்திருக்கிறது. வரியை அடித்ததோடு மெடலும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள், கொடுக்கிற விழா அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி, அழைப்பிதழில் குடும்பத்தாருக்கு இரண்டே இருக்கை, கூட இருந்தவர்களுக்கு இடமில்லையாம். நாங்கள் மூன்று பேரும் போகிறோம், பின்னால் சுவரோரம் நிற்போம், யார் வந்து வெளியே போகச் சொல்கிறார் என்று பார்க்கிறேன். நீ லீவு கேட்டுப் பார், கிடைத்தால் வந்து என்னோடு நில், கிடைக்காவிட்டால் அன்றைக்குப் போனாவது பண்ணு.

குழந்தைக்கு ஈறு அரிக்கும், சுத்தமான துணியை ஈரமாக்கிக் கடிக்கக் கொடுங்கள், கண்ட மருந்தையும் தடவ வேண்டாம். மருமகளிடம் நான் கோபமாக இல்லை என்று சொல், உன்னிடம்தான். இரண்டு நாளில் அதுவும் போய்விடும். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்குண்டு. கடிதம் கிடைத்ததும் பதில் எழுது, போன் கணக்கில் வராது.

உன் அம்மா
(அப்பாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், எழுதினதெல்லாம் சரிதான் என்றும் சொல்லச் சொன்னார்.)