கெலிச்சது வேற, ஏறினது வேற

சித்திரை 2, புதன்

விடியும்போதே வெக்கை. காற்று இல்லை. பால் திரிந்தது, கடுங்காபி.

காலையில் முதல் வேலை அண்ணனுக்கு ஃபுட்பால் மேட்ச் முடிவு படிப்பது. அவனுக்கு வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது, தீபாவளி வெடி. இருக்கிற இடது கண்ணிலும் இப்போது புரை. உப்பளத்து வெயிலையும் வெளுப்பையும் வருஷக்கணக்காகப் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும். போன் எழுத்து தெரியாது. ஐரோப்பா கோப்பைக்கு நான்தான் அவன் கண். பந்து உருண்டை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, அது வேறு விஷயம்.

ஆபரேஷன் என்றாலே ஓடுகிறவன். போன வாரம் அண்ணி அமுதா பிடித்த பிடியில் ஒரு வாக்கு கொடுத்தான். "நீலம் செமி ஃபைனலுக்கு ஏறட்டும். நான் டேபிள்ல ஏறுறேன்." நீலம் என்றால் அவன் டீம், நீலச் சட்டை.

இன்றைக்குப் போனில் முதல் வரி: நீலம் 1, அவர்கள் 0.

"கெலிச்சிட்டாங்கண்ணா."

"எவ்ளோ?"

"ஒண்ணு, சைபர்."

விரல் விட்டு எண்ணினான். போன வாரம் அந்த ஊரில் 2-1 தோல்வி. "அப்ப ரெண்டு மேட்ச்சும் கூட்டினா சமம். பெனால்டிக்குப் போயிருக்கும். ஏறிட்டாங்களா வசு?"

"அதான் கெலிச்சிட்டாங்கன்றேனே."

"பெனால்டின்னா நாமதான். இந்தக் கோப்பையில நீலம் பெனால்டியில தோத்ததே கெடையாது." துண்டை உதறித் தோளில் போட்டான். அண்ணியைப் பார்த்து, "பைய எடு. பாண்டிக்குப் போலாம்."

அவன் மனசு மாறுவதற்குள் அண்ணி ஆட்டோ பிடித்தாங்க.

மதியம். ஆரோவில், நான் வேலை பார்க்கிற தையல் யூனிட். சாப்பாட்டு நேரத்தில் சும்மா போனைத் தடவினேன். ஸ்கோருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. பெனால்டியில் நீலம் தோல்வி. வெளியே.

மேட்ச்சில் கெலிப்பு, ஆனால் ஏறவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். எலுமிச்சைச் சாதத்தை அப்படியே மூடி வைத்தேன்.

3, வியாழன்

லீவு சொல்லியாச்சு. கொண்டு போக: லுங்கி 2, பிளாஸ்க், சர்க்கரை டெஸ்ட் சீட்டு, அண்ணிக்குத் தலைவலித் தைலம், அண்ணன் போன் சார்ஜர்.

பாண்டி ஆஸ்பத்திரி. சனிக்கிழமை ஆபரேஷன் என்று குறித்துவிட்டார்கள்.

அவன் போன் என் கையில். தனசேகர் கூப்பிட்டான், கட் பண்ணினேன். மறுபடி கூப்பிட்டான், மறுபடி கட். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஃபுட்பால் கிளப் தனசேகருடையது. அங்கே எந்தச் சண்டை வந்தாலும் "செல்வத்தக் கேளு" என்பார்கள், அண்ணனைத்தான். ஃபைனலில் அதிகத் தடவை தோற்றது யார், எந்தக் கோல் யார் கணக்கு. போன் தப்பாகச் சொல்லும், செல்வம் சொல்லமாட்டான் என்று பேச்சு. உப்பு வாருகிறவன், கூலி வேலை, ஊரில் அவன் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவன் தலைக்குள் நான் ஒரு பொய்யை வைத்திருக்கிறேன்.

4, வெள்ளி

கண்ணில் சொட்டு மருந்து, மணிக்கொரு தரம். வார்டில் ஃபேன் சத்தம் மட்டும் பெரிசு.

இன்று சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணா, அந்த மேட்ச்..."

அவன் முந்திக்கொண்டான். "பயமாத்தான் இருக்குது வசு. இருக்கிறது ஒரு கண்ணு. ஆனா வாக்குன்னா வாக்கு. நீலம் ஏறிடுச்சி, நான் எறங்கக் கூடாது."

எழுந்து அவன் கண்ணில் சொட்டு விட்டேன். சொன்னால் எழுந்து வீட்டுக்கு நடப்பான், அவனைத் தெரியும். சொல்லாவிட்டால் நான் திருடி. அண்ணிக்கும் தெரியாது. அவங்க பாட்டுக்கு எனக்கு இட்லி வாங்கித் தந்து, "உன் வாய் முகூர்த்தம் வசு" என்கிறாங்க. அந்த இட்லியைச் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சம்.

5, சனி

முடிந்தது. நல்லபடியாக வந்திருக்கிறது என்றார் டாக்டர். ஒரே கண் என்பதால் கட்டு இரண்டு மூன்று நாள் இருக்கட்டுமாம். அதுவரை அவனுக்கு முழு இருட்டு.

பெரிய ஆறுதல். அழுகை வந்தது. கூடவே ஒரு எண்ணம், நல்லதுக்குத்தானே பொய் சொன்னோம் என்று. என்னை நானே அறையணும் போலிருந்தது. இப்படித்தான் எல்லாத் திருடனும் பேசுவான்.

பக்கத்துக் கட்டில் கிளியனூர்க்காரருக்கு அண்ணன் பாடம் நடத்துகிறான். "கடைசில பெனால்டியா அடிக்கிறாங்களே, அந்தக் கோலுங்கோ யார் பேர்லயும் ஏறாதுங்க. ரெகார்டுல வராது. ஆனா நீலத்துக்கு இந்த வருஷமும் ஒரு பெனால்டி கெலிப்பு கூடிடுச்சி." அவர் தலையாட்டுவது இவனுக்குத் தெரியாது என்று "ம், ம்" போடுகிறார்.

சாயங்காலம் சொல்லணும் என்று நினைத்தேன். கட்டுக்குள் கண்ணீர் வந்தால் கெடுதல் என்று நர்ஸ் சொன்னது சாக்காகக் கிடைத்தது.

6, ஞாயிறு

பிளாஸ்க்கோடு கேன்டீனுக்குப் போனேன். போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். புத்தி எங்கே மேயப் போனதோ.

திரும்பி வரும்போது வார்டு வாசலிலேயே குரல். தனசேகர். அண்ணி ஸ்பீக்கர் போட்டுத் தலையணை மேல் வைத்திருக்காங்க.

"மச்சான், கண்ணு எப்டிடா?"

"நல்லாருக்குது. பாத்தியா நம்ம ஆளுங்கள? பெனால்டியில தோத்ததே இல்லன்ற ரெகார்டு அப்டியே நிக்குது."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கிளப் முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறது.

"இன்னாடா, ஊசிய கண்ணுக்குப் போட்டாங்களா, மூளைக்குப் போட்டாங்களா? நீலம் பெனால்டியில தோத்து வூட்டுக்குப் போயிடுச்சி. உன் தங்கச்சி படிச்சி சொல்லல?"

பிளாஸ்க்கோடு வாசலிலேயே நின்றேன். அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. அவன் முகமும் வாசல் பக்கம் திரும்பியது, கட்டோடு. நான் நிற்பது எப்படித் தெரிந்ததோ.

"சொன்னாளே," என்றான். "அவ கரெக்டாத்தான் சொன்னா. நான்தான் மருந்து மயக்கத்துல மாத்தி வெச்சிட்டேன்."

"செல்வமே தப்பு சொல்லிட்டான்டா," என்று ஒருத்தன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

"ஆமாடா. தப்புதான்."

அண்ணி போனை அணைத்தாங்க. அவங்களுக்குப் புரிந்திருக்கும். நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அண்ணா" என்று மட்டும் வந்தது.

"காபிய ஊத்து."

டம்ளரை அவன் கையில் பிடித்து வைத்தேன். குடித்து முடித்தான். பிறகு தலையணையைத் துழாவிப் போனை எடுத்து என் மடியில் வைத்தான்.

"யாரு பெனால்டிய மிஸ் பண்ணான்னு பாரு. கடைசி வரி வரைக்கும் படி."