ஜும்ஆவுக்குக் கழற்றிய வயர்

2025 ஓகஸ்ட் 8, வெள்ளி

இன்றும் அரிசி மில்லிலிருந்து போன் கோல். முஸ்தாக் காக்கா, என் அண்ணன். "உன்ட பொட்டி திரும்பச் செத்திட்டு புள்ள. வெளியில நெல்லோட ஆக்கள் நிக்கிறாங்க."

நெல்லின் ஈரம் பார்க்கும் கருவியைக் கணினியோடு கதைக்க வைக்கும் ட்றைவர் மென்பொருள் நான் எழுதியது. மருதமுனையில், என் வீட்டு மேசையில். முதன்முதலாக ஓடுவது காக்காவின் மில்லில்தான். போன வெள்ளியும் லெப்டொப் இப்படித்தான் உறைந்தது. ஏன் வெள்ளியில் மட்டும்?

ஓகஸ்ட் 9

மில்லில் லெப்டொப் பார்க்கும் றுஸ்தாவிடம் கேட்டேன். "ஜும்ஆ தொழுகைக்குப் போகக்குள்ள எல்லா வயரையும் கழட்டிட்டுத்தான் போறாங்க ராத்தா. கரண்ட் ஏறி இறங்கினா சாமான் எரிஞ்சிரும் எண்டு." கருவியின் வயரும் அதோடு சேர்த்தி. லெப்டொப் மட்டும் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

"கழற்றாதீர்கள்" என்று எழுதி ஒட்டச் சொன்னேன். காக்கா சிரித்தார். "பாங்கு சொன்ன பிறகு ஆரு புள்ள நிண்டு வாசிக்கிற?"

கோபம் வந்தது. ஆனால் யாரும் எந்த நேரமும் கழற்றக்கூடிய வயர்தானே அது?

ஓகஸ்ட் 11

பிடித்துவிட்டேன்! கருவியைச் செருகியதும் ட்றைவர் நினைவகத்தில் இடம் எடுக்கிறது, கருவியை இயங்குதளத்தின் மையமான கேர்னலில் பதிகிறது, பிறகு அளக்கத் தொடங்குகிறது. கழற்றும்போது தலைகீழாக வர வேண்டும் — அளப்பதை நிறுத்தி, பதிவை நீக்கி, கடைசியில் இடத்தை விட வேண்டும். நான் இடத்தை முதலில் விட்டிருக்கிறேன். அளக்கும் வேலை, இல்லாமல் போன அந்த இடத்தில் எழுதப் போய் எல்லாவற்றையும் விழுத்தியிருக்கிறது.

மாற்றி அனுப்பினேன். வீட்டில் சரியாக ஓடுகிறது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

திரும்பவும் விழுந்திட்டு. யா அல்லாஹ், எனக்கு ஒண்டும் விளங்கல்ல.

காக்கா சத்தம் போடவில்லை; அதுதான் பயம். "அடுத்த வெள்ளியும் இப்பிடியெண்டா பொட்டியக் கொண்டு போ. நான் நெல்லக் கடிச்சே ஈரம் பார்க்கிறன். என்ட பல்லு ஒரு நாளும் ஹேங் ஆகல்ல."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஓகஸ்ட் 17

"கழட்டக்குள்ள நான் ஈரம் காட்டுற திரைய மூடுறல்ல ராத்தா. திரும்பத் திறக்க நேரமெடுக்கும்" — றுஸ்தா.

அட! வீட்டில் நான் திரையை மூடிவிட்டுத்தான் கழற்றிப் பார்த்தேன். கருவி போன பின்னும் அவளுடைய திரை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பதிவை நீக்கிய கையோடு இடத்தை விடுவிக்க எனக்கு உரிமை இல்லை. கேட்பவருக்குக் கருவி இல்லை என்று சொல்லிவிட்டு, பிடித்திருப்பவற்றில் கடைசியும் கை விடும்வரை காத்திருக்க வேண்டும். யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கைக் கேர்னலே வைத்திருக்கிறது. இடத்தை விடும் பொறுப்பை அதனிடமே கொடுத்தேன்.

திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கழற்றினேன். செருகினேன். கழற்றினேன். விரல் நோகும்வரை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

ஜும்ஆ முடிந்தும் கோல் இல்லை. அஸர் தொழுகை வரை பொறுத்துவிட்டு நானே கோல் எடுத்தேன்.

"என்ன புள்ள? நெல்லு போய்க்கிட்டிருக்கு. வை போன."

ட்றைவர் கோப்பின் தலையில், எழுதியவர் பெயருக்கான இடத்தை இவ்வளவு நாளும் வெறுமையாக விட்டிருந்தேன். ஹாஜறா முகைதீன்பாவா என்று தட்டினேன். நாற்பத்து நான்கு வயதில் என் பெயரையே எத்தனை தரம் வாசித்துப் பார்ப்பது!

ஓகஸ்ட் 26

றுஸ்தா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மில்லுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காக்கா, அளந்துகொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கிக் காட்டுகிறாராம். "பாருங்க, ஒண்டும் ஆகாது. என்ட தங்கச்சி எழுதின." திரும்பச் செருகுவாராம். திரும்பப் பிடுங்குவாராம்.

சாகாமத்திலிருந்து நெல் கொண்டு வந்த கந்தப்போடி கடைசியில் கும்பிட்டாராம். "ஓம் முதலாளி, நம்புறன். இனி என்ட நெல்ல அளங்க."