உன் அம்மா கல்லூரிக்குப் போகிறாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுத்தால் போதும், போனைப் பிடுங்கிப் போர்வை இருக்கிறதா, இருமல் விட்டதா என்று பேச்சை மாற்றிவிடுவாள். அதனால்தான் கடிதம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி. அம்மாவுக்கு அரசாங்கத்தின் கல்வி உதவித்தொகை கிடைத்திருக்கிறது. உனக்கு வாங்க அவள் அலைந்தாளே, அதேதான். செயற்கைக் கை கால் செய்யும் படிப்பு, படித்து முடிக்கும்வரை கட்டணத்தை அவர்களே கட்டுவார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எழுதும்போதே எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்பாய். போன வருஷம் அம்மாவின் ஷூ கம்பெனிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தாராம். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை, அதற்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒற்றை ஷூ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜோடியாகத்தான் செய்வோம் என்று சூப்பர்வைசர் அனுப்பப் பார்த்திருக்கிறார். அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து போய், அந்தக் காலைக் கொஞ்சம் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் கூச்சமாகிவிட்டதாம். அவர் ஒன்றும் நினைக்காமல் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நாம தைக்கிற தோல் மாதிரிதாங்க மேல பாக்க இருக்கு, ஆனா உள்ள ஒரு ஆளோட நடையே இருக்கு" என்றாள். நான் சும்மா தலையாட்டிவிட்டு டிவி பார்த்தேன். அவள் விடவில்லை. எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சமையலறை அலமாரிக் கதவு முழுக்க எலும்புகளின் பெயரை எழுதி ஒட்டினாள், நான் உப்பு எடுக்கப் போனால் கணுக்கால் எலும்பு முகத்துக்கு நேரே நிற்கும். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல நீ பை மாட்டிக்கிட்டுப் போகப்போறியா" என்று கேட்டாள். "பேரப்பிள்ளை வரட்டும் அண்ணி, ரெண்டு பேரும் ஒண்ணாவே போறோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். இதை உனக்கு ஜாடையாகச் சொல்வதாக நினைக்காதே, நடந்ததைச் சொன்னேன். தேர்விலும் தேறிவிட்டாள். ஆனால் வேலையை விட்டுவிட்டு அந்தக் கட்டணத்தை நாம் கட்ட வழியே இல்லை, உதவித்தொகை கிடைத்தால்தான் உண்டு. அடுத்த வருஷம் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள்தான் போக முடிந்தது, வருமானச் சான்றிதழ் அப்போதுதான் கையில் வந்தது. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். ஜன்னலில் இருந்த கிளார்க் தாள்களைப் புரட்டிக்கொண்டே "மகனுக்கா மகளுக்கா" என்று கேட்டார். அம்மா "எனக்கு" என்றாள். அவர் விளக்கம் கேட்பது போல என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு அவர், பெற்றோர் அல்லது பொறுப்பாளர் கையெழுத்து இல்லையே என்றார். பெற்றோர் இல்லை, காலமாகிவிட்டார்கள் என்றாள். "அப்ப சார் போட்டுடட்டும்" என்று பேனாவை என் பக்கம் நீட்டினார், நானும் வாங்கிவிட்டேன். அம்மா தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இவர் என் வீட்டுக்காரர். எனக்குப் பொறுப்பு நான்தான்" என்றாள். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் எடுக்காது, சும்மா ஒரு கையெழுத்துதானே என்று கிளார்க் பொறுமையாகத்தான் சொன்னார். இன்னிக்குக் கடைசி நாள், போட்டுத் தொலைக்கிறேனே என்று காதோரம் சொல்லிப் பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இவர் கையெழுத்துல நான் போனா நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இவரைத்தான் கூப்பிட்டுக் கேப்பீங்க. பரீட்சை எழுதினது நான், வேலையை விடப்போறது நான், படிக்கப்போறதும் நான். என்னைக் கேளுங்க."

கிளார்க் எழுந்து உள்ளே போனார், திரும்பி வரும்போது அதிகாரியையும் கூட்டிவந்தார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு பெரிய உடம்புக்காரம்மா. நின்றபடியே எல்லாத் தாள்களையும் படித்தார், கடைசியில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். அம்மா அந்த லாரி டிரைவர் கதையைச் சொன்னாள். "எங்க வலிக்குதுன்னு கேட்டேங்க. செஞ்ச காலு நல்லாத்தான் இருக்கு, உடம்போட சேர்ற இடந்தான் வலிக்குதுன்னார். அந்த இடத்தை ஒழுங்கா செய்யக் கத்துக்கணும்" என்றாள். அந்த அம்மாள் தாள்களை ஒன்றாக அடுக்கினார். பிறகு கிளார்க்கிடம், அந்தக் கட்டம் வயசு வராத பிள்ளைகளுக்குப் போட்டது, இவங்களே போடட்டும், கம்ப்யூட்டரை நான் பார்த்துக்கறேன் என்றார். அம்மா அங்கே கையெழுத்துப் போட்டாள். உன் மதிப்பெண் அட்டையிலும் வீட்டு வாடகைப் பத்திரத்திலும் அந்தக் கையெழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், தனக்கென்று அவள் போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனுஷியை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

உதவித்தொகை கிடைத்த தகவல் வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கும்போதெல்லாம் முணுமுணுக்கிற ஆள் நான், உனக்குத் தெரியும். நம்மை யாரென்றே தெரியாத எத்தனை பேர் என்னைப் போலவே முணுமுணுத்துக்கொண்டு கட்டியிருப்பார்கள், அந்தப் பணம் வந்து ஷூ தைக்கிற ஒருத்தியைக் கல்லூரியில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சேர்க்கைக்குப் போன அன்று கல்லூரியில் கை கால் செய்கிற பட்டறையைச் சுற்றிக் காட்டினார்கள். சுவர் ஓரமாக வரிசையாகக் கால்கள், பெரியது, சிறியது, பாதி செய்தது. நடுவில் இரண்டு கம்பிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் புதுக் காலில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடை வைத்திருக்கிறாராம். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார், விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. பாதி தூரம் வந்ததும் முடி கண்ணில் விழுந்தது, அதை ஒதுக்க இரண்டு கையையும் எடுத்துவிட்டார். எடுத்தது அவருக்கே தெரியவில்லை. ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகி, நின்றார். சொல்லிக்கொடுக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

வகுப்பு ஆரம்பித்துவிட்டது. உன் அறையைத்தான் அம்மா படிக்க எடுத்துக்கொண்டிருக்கிறாள், நீ வரும்போது காலி செய்துதருவாளாம், நான் சந்தேகப்படுகிறேன். நேற்று சாயங்காலம் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன், கதவு சாத்தியிருந்தது, என் வீட்டிலேயே கதவைத் தட்டினேன். "கொஞ்சம் இருங்க, இந்தப் பக்கத்த முடிச்சுக்கறேன்" என்று குரல் வந்தது. டம்ளரோடு வெளியே நின்றேன். அப்படி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. நீ கூப்பிடுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு, முன்னால் கூப்பிட்டால் என்னோடுதான் பேச வேண்டியிருக்கும். பல் வலிக்கு டாக்டரைப் பார்க்க மறந்துவிடாதே. உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல், எடுத்ததெல்லாம் கைகூடி நீ நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா