பீரோவில் பூட்டிய மாத்திரை

ஜனவரி 6, 1997. திங்கள்.

மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. பால் தாமதம். கீஸர் ரிப்பேர்.

காமாட்சிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து சமையலறைப் பக்கம் வரவில்லை. ஓரத்து அறை, தனிப் பாய், தனித் தட்டு. சமையல் நான். பாத்திரம் உமா, ஆபீஸ் கிளம்புமுன்.

ஸ்கேன், சதைப் பரிசோதனை ஆயிற்று. கெட்டது ஒன்றுமில்லை, மாதவிடாய் நிற்கப்போகும் வயது, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி லேடி டாக்டர். புரோஜெஸ்ட்ரோன் போலச் செயற்கையாகச் செய்த ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார்.

டப்பாவுக்குள் மடித்த தாள். எறும்பெழுத்து. பூதக்கண்ணாடியும் அகராதியும் வைத்துப் படித்தேன். பக்கவிளைவுகளாம்: காலில் இரத்தம் உறைதல். அது நுரையீரலுக்குப் போதல். மார்பில் கட்டி. ஈரல் கோளாறு. மனச்சோர்வு. என் அண்ணா போனது காலில் உறைந்த இரத்தத்தால்தான். மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி பூணூலில்.

உமா: "நீங்க என்ன டாக்டராப்பா?"

பத்தாவதோடு நின்றவன்தான். ஆனால் ஆபீஸில் டைரக்டரே தன் இங்கிலீஷ் டிராஃப்டை என்னிடம்தான் திருத்தக் கொடுத்தார். 

ஜனவரி 9. வியாழன்.

வெயில் இல்லை. கீஸர்காரன் இந்தியில் 'கல் பக்கா', நாளைக்கு நிச்சயம், என்றான். நேற்றும் அதையேதான் சொன்னான். சமையல்: காலிஃபிளவர், ரசம்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து காமாட்சி: "அந்த மாத்திரையைக் குடுத்துடுங்கோளேன். போகிக்குள்ள நின்னுதுன்னா பொங்கப் பானையாவது நான் வைப்பேன்."

"பொங்கல் பெரிசா, உசிர் பெரிசா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பேப்பரை எடுத்துக்கொண்டேன். தட்டை வழக்கம்போல் நிலைப்படியில் வைத்தேன்.

ஜனவரி 11. சனி.

குளியலறையில் விழுந்துவிட்டாள். உமாவுக்கு லீவு, அவள்தான் சத்தம் கேட்டு ஓடினாள். உதடு வெளுத்திருந்தது. ஆட்டோ. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள்.

டாக்டர் இந்தியில் கேட்டார்: "எவ்வளவு போகிறது என்று நீங்கள் பார்க்கவில்லையா, பாபுஜி?"

பார்க்கவில்லை. தூரம் என்றால் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. கல்யாணமான நாளாக அப்படித்தான். இதை இந்தியில் எப்படிச் சொல்வது.

தாளை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். சிரிக்கவில்லை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, யாருக்கு ஆகாது என்றும் இதிலேயே இருக்கிறது என்றார். காமாட்சிக்கு முன்பு எப்போதாவது இரத்தம் உறைந்ததா, ஈரல் நோய் உண்டா, மார்பில் கட்டி உண்டா, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுதினாராம். ஒரு கால் மட்டும் வீங்கினால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் உடனே வரவேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். உமா குறுக்கே விழுந்தாள்: "பெரியப்பா உங்களுக்குத்தானே அண்ணா? அம்மாவுக்கு அவர் என்ன ரத்த சம்பந்தம்?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

ஜனவரி 12. ஞாயிறு.

ஆஸ்பத்திரி வராந்தா. டீ ஆறிப்போயிற்று. தாளில் தப்பில்லை என்று டாக்டரே சொன்னார். அதை எழுதி வைக்கிறேன்.

தட்டு வைக்கக் குனிந்தபோதெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ஜனவரி 13. திங்கள். போகி.

காலையில் வீட்டுக்கு வந்தாயிற்று. கீஸர்காரன் வரவில்லை.

போக்கு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஓரத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பீரோவைத் திறந்தேன். மாத்திரையும் வெந்நீரும் எடுத்துப்போனேன்.

"கீழே வைங்கோ. எடுத்துக்கறேன்."

கையில் கொடுத்தேன். அவள் விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது.

விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "என்னைத் தொட்டுட்டேளே, இந்தக் குளிர்ல திரும்பவும் பச்சைத் தண்ணியில குளிக்கணுமே உங்களுக்கு."

குளிக்கவில்லை.