ஓட்டில்லாத வீட்டு மணி

விரலில் பித்தளை வாசனை போகவே மாட்டேன் என்கிறது மாப்ள. சோப்புப் போட்டுக் கழுவியும் ஆயிற்று. காலையிலிருந்து உன் வீட்டு வாசல் மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு ஓட்டு எண்ணுகிறார்கள். சும்மா உட்கார முடியவில்லை. அதனால் தேய்க்கிறேன். நடுவில் திருகுவதற்கு இருக்கிற சாவி கை பட்டுத் திரும்பி ஒரு தடவை கணீரென்று அடித்துவிட்டது. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி சத்தம் போட்டாள்.

"யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருங்க."

"யாருமில்லடி, நான்தான்."

"நீங்க எதுக்கு ஒங்க வீட்டுக்கே மணி அடிச்சிக்கிறீங்க?"

நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாய். போன மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் மணி என் மேஜையில் ஏன் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுத்து. பிழை இருந்தால் வழக்கம்போல நக்கல் அடித்துக்கொள்.

நம் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பிருந்தே நம் தொகுதிக்கு அவர்தான் எம்.எல்.ஏ. நம் ஊரில் மழை, வெயில் மாதிரி அவரும் ஒன்று என்று நினைத்திருந்தோம். மார்கழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். மைக்செட் என்னுடையது. "ஒடம்பு ஒத்துழைக்கல. இந்தத் தடவ நான் நிக்கல. எம் பிள்ளைங்களும் நிக்க மாட்டாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து என் ஸ்பீக்கர் ஊளையிட்டது. மண்டபமே அழுகிறது என்று நினைத்து முன்வரிசையில் நாலு பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாளே ஊரில் இஸ்திரிக் கடைக்காரருக்கு மூச்சு விட நேரமில்லை. டீக்கடையில் பார்த்தவனெல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நேற்று வரை 'டேய்' என்று கூப்பிட்டவன் கையெடுத்துக் கும்பிடுகிறான். அவர் நின்றவரை யாருக்கும் வராத ஆசை, இடம் காலி என்றதும் எல்லோருக்கும் வந்துவிட்டது. நானும் மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் திரிந்தேன், என் வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்கு அந்த ஆசை வந்திருக்கிறது என்று தெரியும்வரை.

மலர்விழிதான். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் நிக்கலாம்னு இருக்கேன்."

"எங்கம்மா?"

"எலெக்‌ஷன்ல."

ரசம் மூக்கில் ஏறிவிட்டது. வாய்க்கால் தூர்வார வேண்டும் என்று நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு அவள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது தெரியும். கிளிஞ்சல்மேட்டில் குடிதண்ணீர் உப்பாக வருகிறது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டியதும் தெரியும். கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பேனே தவிர, அது இங்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டிருக்கிறாள். நிற்பதென்றால் வேலையை விட்டுவிட்டு நில்லுங்கள் என்றுவிட்டார்கள். விட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொல்கிறாள்.

"டெபாசிட் போயிட்டா ஊர்ல தலைகாட்ட முடியாதும்மா" என்றேன்.

"நான்தானப்பா தலைகாட்டணும். ஒங்களுக்கு என்ன?"

எனக்கென்னவா? தோற்றால் இந்தப் பெண் தெருவில் எப்படி நடப்பாள் என்று ஒரு பயம். ஜெயித்துவிட்டால் எப்படி நடப்பாள் என்று இன்னொரு பயம். இரண்டையும் எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடி வரலாம் என்றால் நீ இல்லை.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்ததே நீதான், தெரியுமா? பிரெஞ்சு ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவன் நீ. ஊருக்கு உன் வீடு 'சொல்தா வீடு', பட்டாளத்துக்காரன் வீடு. பிரெஞ்சுப் பிரஜை என்பதால் இங்கே உனக்கு ஓட்டில்லை. அங்கே ஜனாதிபதி தேர்தல் வந்தால் மட்டும் காரைக்காலிலேயே உங்களுக்குச் சாவடி போடுவார்கள். நீயும் கோட்டு மாட்டிக்கொண்டு வியர்த்து வழியப் போவாய். "கடல் தாண்டி இருக்கிறவனுக்கு நான் ஓட்டுப் போடுறேன் மாப்ள. எதுத்தாப்புல ஓடுற சாக்கடைக்கு எனக்கு ஓட்டில்ல" என்பாய்.

நம் தொகுதி சின்னது. நிற்கிறவன் ஒரு வாசலையும் விடக் கூடாது. விட்டால், 'என் வாசலுக்கு வரலையே' என்று அந்த வீடே மாற்றிக் குத்திவிடும். அப்படிப்பட்ட ஊரில் எல்லா வேட்பாளரும் தாண்டிப் போகிற ஒரே வாசல் உன்னுடையது. ஒரு தேர்தலில் நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எம்.எல்.ஏ.வுக்கு முன்னால் வருகிறேன். நீ வாசலில் தட்டு நிறைய எலுமிச்சை ஜூஸோடு நிற்கிறாய். அவர் உன் பக்கம் திரும்பினார். கூட வந்தவன் காதில் சொன்னான்: "சொல்தா வீடுங்க. ஓட்டில்ல. அடுத்த வூடு வாங்க." கும்பிடப் போன கை அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நீ தட்டோடு நின்றதைப் பார்த்து நான் மைக்கில் பேச்சைத் தவறவிட்டேன்.

"எழவு வூட்டத் தாண்டிப் போற மாதிரில்ல போறானுவோ" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

மலர் அப்போது பாவாடை சட்டை. உன் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தபடியே, "மாமா, நான் நின்னா மொத ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன்" என்றாள்.

"வந்து என்னாடி கேப்பே? எங்கிட்டதான் ஓட்டு இல்லியே."

"ஓட்டுக்கு இல்ல. ஜூஸ் குடிக்க வருவேன்."

நான் அதை மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை.

வேட்பு மனு, பரிசீலனை எல்லாம் முடிந்து சின்னம் கொடுத்தார்கள். என்ன சின்னம் தெரியுமா? காலிங் பெல். கிளிஞ்சல்மேட்டில் இதைச் சொன்னபோது மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஒருத்தி, "எங்க வூட்டுல பெல்லு இல்ல தாயி, நாய்தான் இருக்கு. நாய்க்குக் குத்துறதா?" என்று கேட்டாள். ஒரு நாள் பூரா அதைச் சொல்லியே ஊர் சிரித்தது. சிரித்தாலும் சின்னம் மனதில் நிற்கிறதே என்று நான் தேற்றிக்கொண்டேன்.

பிரசாரம் தொடங்கிய முதல் நாளைச் சொல்கிறேன். எம்.எல்.ஏ.விடம் பூத் வேலை பார்த்த கோவிந்தசாமி, இடம் காலியானதும் எங்கள் பக்கம் வந்திருந்தார். அனுபவஸ்தர். "மொதல்ல எங்க?" என்று கேட்டார். மலர் உன் வீட்டைச் சொன்னாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்தார்.

"என்னாங்க இது? ஓட்டே இல்லாத வீடு. அது போவட்டும், வூட்டுக்காரர் போயி வருசம் திரும்பல. மொத மொத கெளம்புறப்ப அந்தம்மா மொகத்துலயா முழிக்கணும்? நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது மாப்ள? எனக்கும் உள்ளுக்குள் அதே உதறல்தான். கோயில் பக்கம் ஆட்டோவைத் திருப்பி, அங்கே நாலு வீடு பார்த்துவிட்டு அப்புறம் வரலாமா என்று கூட யோசித்தேன். அதற்குள் மலர் விறுவிறுவென்று நடந்து போய் உன் மணியைத் திருகிவிட்டாள்.

கதவு திறந்தது. உன் வீட்டுக்காரி வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் தங்கச்சியின் முந்தானை மட்டும் தெரிந்தது. கும்பல், மாலை, கொடி எல்லாம் பார்த்திருக்கும்.

"நான் எதுக்கால வரக் கூடாதும்மா. நல்ல காரியத்துக்குப் போறீங்க. அப்படியே போயிட்டு வா. அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிறேன்."

மலர் படியை விட்டு இறங்கவில்லை.

"ஜூஸ் இல்லியா அத்தே?"

அவ்வளவுதான் கேட்டாள். கதவு முழுசாகத் திறந்தது. அப்புறம் தங்கச்சி வெளியே வந்தது. அழுதுகொண்டே, "நேத்தே சொல்லியிருந்தா பழம் வாங்கி வச்சிருப்பேன்ல, அறிவு கெட்டவளே" என்று மலரைத் திட்டியது. வீட்டிலிருந்த பழத்தையெல்லாம் பிழிந்து, டம்ளர் பற்றாமல் காப்பிக் கிண்ணங்களிலும் ஊற்றிக் கொடுத்தது. கோவிந்தசாமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி இரண்டு தடவை குடித்தார். மலரின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "ஒஞ் சின்னம் இதுதானாமே? எடுத்துட்டுப் போ. வண்டியில கட்டு" என்று மணியைக் காட்டியது. நான்தான் கழற்றினேன். பிரான்ஸிலிருந்து நீ கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு வந்த மணி, எங்கள் ஆட்டோவின் நெற்றியில் ஏறிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த கூத்தையும் கேள். ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தேன். எத்தனை தேர்தலாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்! தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பழைய எம்.எல்.ஏ. பெயரைச் சொல்லி, அவர் சின்னத்தைச் சொல்லி, "பெருவாரியான வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெறச் செய்வீர்" என்று முழங்கிவிட்டேன். தெருவே கொல்லென்று சிரித்தது.

"அப்பா, அவரே போதும்னு ஒக்காந்துட்டாரு. நீங்க விட மாட்டேங்கறீங்களே" என்றாள் மலர்.

உன் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்திருப்பாய்.

ஓட்டுப் பதிவு முடிந்து நாளாகிறது. ஆட்டோவிலிருந்து கழற்றிய உன் மணி அன்றிலிருந்து என் மேஜையில்தான் இருக்கிறது. மிஷின்களைப் பூட்டி, சீல் வைத்து, வாசலில் துப்பாக்கியோடு போலீஸ் நிற்கிறது. காரணமே இல்லாமல் அந்தப் பக்கமாகத் தினம் சைக்கிளில் போய் வருகிறேன். எதிரே வருகிறவனெல்லாம் "ஒங்க பொண்ணுக்குத்தான் குத்துனேன்" என்கிறான். அவர்கள் சொல்வதெல்லாம் நிஜமானால் தொகுதியில் இருக்கிற ஓட்டைவிட அவளுக்கு அதிகமாக விழுந்திருக்க வேண்டும். இவர்களே மற்ற வேட்பாளர்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இந்தத் தொகுதியில் ஒரு தெரு கோபித்துக்கொண்டால் போதும், எல்லாம் தலைகீழ்.

மலர் வெளியே தைரியமாகத்தான் இருந்தாள். இன்று மத்தியானம் நான் மணியைத் தேய்க்கிற இடத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"அப்பா, தோத்துட்டா அந்த வீட்டுக்கெல்லாம் மறுபடி எப்படிப்பா போறது? போனா, ஓட்டுக்கு வந்தவ இன்னும் எதுக்கு வர்றான்னு கேப்பாங்க. போகலன்னா, ஓட்டுக்குத்தானே வந்தான்னு சொல்வாங்க."

வேலை போனதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை, இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் புளி எடுத்துத் தேய்த்தேன். அந்த நேரத்தில் தங்கச்சியிடமிருந்து போன்.

"அண்ணே, மணியக் கொண்டாந்து மாட்டுங்க. வாசல்ல யாரு வந்தாலும் தெரிய மாட்டேங்குது. கேஸ்காரன் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்."

"நாளைக்கு ரிசல்ட்டு வந்துடட்டும்மா, அப்புறமா..."

"ரிசல்ட்டுக்கும் என் கேஸுக்கும் என்னாண்ணே சம்பந்தம்?"

அதனால் இந்த மடலை இங்கே பாதியில் வைத்துவிட்டு, மலரையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்வந்தேன். இப்போது சாயங்காலம். மிச்சத்தை எழுதுகிறேன்.

ஸ்டூல் போட்டு நான்தான் மாட்டினேன். மலர் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மாட்டி முடித்ததும் அவள் சாவியைத் திருகினாள். பழைய சத்தம், தெருமுனை வரைக்கும். உள்ளே தங்கச்சி, நாங்கள் வாசலில் நிற்பது தெரிந்தும், "யாரது?" என்று குரல் கொடுத்தது.

"நான்தான் அத்தே."

"ஓட்டெல்லாம் முடிஞ்சி போச்சே, இன்னும் எதுக்குடி வந்தே?"

தங்கச்சி விளையாட்டாகத்தான் கேட்டது. மலர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். மத்தியானம் அவள் என்னிடம் கேட்டது அதுதானே! அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜூஸ் வந்தது. எனக்குச் சர்க்கரை போடாமல்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது மாப்ள. ராத்திரி தூக்கம் வராது. ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையில் ஏதோ கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூ. நான் எந்த ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க, மிச்சம் ஒண்ணு இருக்குமே, காட்டு" என்று கை நீட்டுவாயே, அதேதான். உன் மணி இப்போது ஒரு பக்கம் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

மலரிடம் காட்டினேன்.

"நாளைக்குச் சாயங்காலம் போய்ப் போட்டுட்டு வந்துடுவோம்" என்றாள்.

"நாளைக்கா? ரிசல்ட்டு..."

"ரிசல்ட்டு மத்தியானமே வந்துடும்பா."

காலையில் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன். ஸ்க்ரூவை அதன் பையில் போட்டு வைத்துவிட்டேன்.