மயக்கம் தெளியும்போது நீ வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முதலில் வேண்டும். இங்கே அப்பா நலம், நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அப்பா அனுப்பிய படத்தை நீ பார்த்துவிட்டாய், இனிப் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. இடது தோள் எலும்பு துண்டு துண்டாகிவிட்டது, மேல் உதட்டில் தையல், முன்பல் ஒன்று போயே போய்விட்டது. வலது கை தப்பித்தது, அதனால் எழுதுகிறேன். என் ஃபோனைக் காலால் மிதித்தே நொறுக்கிவிட்டார்கள். அப்பா ஃபோனில் பேசலாம் என்றால் இந்த வார்டில் ஒரு கட்டிலில் பேசுவது நாலு கட்டிலுக்குக் கேட்கும். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே நான் நோயாளி என்பதில் நர்ஸுகளுக்கு ஒரே கொண்டாட்டம், இத்தனை வருஷம் கட்டில் கட்டிலாப் போய் ஜெபம் பண்ணி, கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னீங்களே அக்கா, இப்ப நாங்க சொல்றோம் கேளுங்க என்று ஆளாளுக்கு வந்து அறுக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அம்மாவுக்குப் பைத்தியமா என்று நீ அப்பாவிடம் கத்தினாயாம். சொல்கிறேன், பொறுமையாகப் படி. மார்க்கெட்டில் சம்மட்டி என்று ஒரு ஆள், வாடகை கொடுக்காதவர்களின் முட்டியை உடைப்பதே அவர் தொழில். அவர் வயிற்றில் யாரோ கத்தியைச் செருகித் திருகிவிட்டார்கள். குடலைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார், நம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் ரத்தம். மூன்று மகன்கள், மூன்றும் அப்பனை உரித்து வைத்தவை. அப்பன் பிழைக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்கவில்லை, குத்தினது யாரு, அது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற நேரத்தில் மனுஷன் வாயில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. மயக்கம் தெளிகிற அந்த அறையில் உட்கார்ந்து நான் கேட்காத கதையா, கள்ளக் காதல் முதல் கொலை வரைக்கும் கேட்டிருக்கிறேன், கேட்டதை அங்கேயே புதைத்துவிட்டு வருவேன். இந்த மூன்று பேரும் நர்ஸைச் சுவரில் தள்ளிவிட்டு, அப்பன் வாயருகே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். நல்லவேளை, அவர் தண்ணி தண்ணி என்று மட்டும் முனகினார்.

மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஜெபம் செய்யவா என்று கேட்டேன், முதல்ல கேளு, அப்புறம் செய் என்றார். குத்தியவர் பெயரைச் சொன்னார். நான் செஞ்சதுக்குத்தான் அது வந்துச்சு, அந்த ஆளுக்கு அதுக்கு நியாயம் இருக்கு, இது என்னோட போகட்டும், நீ மட்டும் அந்தப் பேரைச் சொல்லி தினமும் வேண்டிக்க என்றார். குடலில் தைத்தது விட்டுப்போய்விட்டது, மறுபடி திறந்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னபோது முடியாது என்றுவிட்டார். மயக்கம் குடுத்தா இந்தத் தடவை சொல்லிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் கெஞ்சினேன், திட்டினேன், பக்கத்தில் நான் இருக்கிறேன், பையன்களை உள்ளே விட மாட்டேன் என்றேன். என் பசங்களை உனக்குத் தெரியாதும்மா, கதவை ஒடைச்சுட்டு வருவானுங்க என்றார். சீழ் பிடித்து, வயிறு வீங்கி, அலறி அலறித்தான் செத்தார். எத்தனையோ பேரை அடித்த அந்தக் கை என் விரல்களை நசுக்கிக்கொண்டே இருந்தது, அவர் போகும்வரை நான் விடவில்லை. அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது.

அப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது மகன்களுக்குத் தெரிந்திருந்தது, பிணம் போனதும் பிரார்த்தனை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள். மூத்தவன் என் முடியைப் பிடித்து பீரோவில் மோதினான், நடுவுள்ளவன் கையைப் பின்னால் முறுக்கினான், மளுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு, இதே பாட்டு. நான் மூத்தவன் கையைக் கடித்தேன், எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தேன், பல் போனது அதில்தான். அப்போது கதவை உதைத்துக்கொண்டு வந்தது யார் தெரியுமா, நம் தும்மல்காரர். வேறு மதத்துக்காரர்களுக்கு ஆறுதல் சொல்கிறவர், என் நாற்காலியைத் திருடுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிற அதே கிழவர். வாராவாரம் பொறுமையைப் பற்றிப் பேசுகிற மனுஷன் குளுகோஸ் ஸ்டாண்டைச் சுழற்றி நடுவுள்ளவன் மூக்கை உடைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் காவலாளிகள் சாவகாசமாக வந்தார்கள். போலீஸ் அதிகாரியும் அதே பெயரைத்தான் கேட்டார், ஆள்தான் செத்துட்டாரேம்மா, இனி என்ன ரகசியம் என்றார். செத்தவரிடம் போய் அனுமதி கேட்க முடியாதே, அதனால்தான் சொல்ல முடியாது என்றேன். குத்தியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர் வேலை, செய்யட்டும்.

இப்போது மூத்தவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். எனக்கு என்றைக்கு ஆபரேஷன், தெளிகிற அறையில் யார் இருப்பார்கள் என்று துப்புரவுப் பெண்களிடம் விசாரிக்கிறான். புரிகிறதா கண்ணு? தோளுக்கு மரத்துப்போகிற ஊசி மட்டும் போதாது, முழு மயக்கம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை நாள் கையெழுத்துப் போடாமல் இழுத்தேன். ஆனால் அந்த மனுஷன் மாதிரி நான் சாகப்போவதில்லை, வீக்கம் வடிந்ததும் போட்டுவிடுவேன். தியேட்டரில் இருப்பவர்கள் கேட்டதை வெளியே விட மாட்டார்கள். வாசலில் போலீஸ் நிற்கும். உள்ளே என் பக்கத்தில் தும்மல்காரர் மட்டும். அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அந்தக் காது என் பக்கம் இருக்கிற மாதிரி உட்காரச் சொல்லியிருக்கிறேன், மற்ற காதில் விழுந்தாலும் அவர் வாயிலிருந்து வராது. அப்பாவையும் உள்ளே விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ டிக்கெட் போட்டுவிட்டாய் என்று தெரியும். தள்ளிப் போடு. நான் நன்றாகத் தெளிந்து, அப்பாவைப் பழையபடி திட்ட ஆரம்பித்த பிறகு வா. கண் விழிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் பயப்படுகிறேன். அவர்கள் தோளை உடைத்தும் வாங்க முடியாததை, உன் குரலைக் கேட்டால் நீ கேட்காமலே நான் உன் மடியில் கொட்டிவிடுவேன். பிறகு அவர்கள் உடைக்கப்போவது உன் தோளை.

குட்டிக்குச் சளி விட்டதா, ஈரத் தலையோடு வெளியே அனுப்பாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நீண்ட நாள் நன்றாக இரு, உன்னை எந்தக் கையும் தொடாமல் இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அந்த இன்னொரு பெயருக்காக வேண்டுவதற்கு முன்னால். டிக்கெட்டை மாற்றிவிட்டு அப்பாவிடம் சொல், அன்றைக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.

என்றும் உன்
அம்மா