லமீன் ஐயாவைப் பழக்கினது

வியாழன், நவம்பர் 14

லமீன் ஐயாவிட்டை இண்டைக்கு யூனிவர்சிட்டியிலை ஆராய்ச்சி செய்யிற பிள்ளை வந்தவள். அவருக்குச் சமைச்சுக் குடுக்க நான் போய்வாற ஐஞ்சாம் மாடி வீடு. மேற்கு ஆபிரிக்காவிலை, கினி சுதந்திரமடைஞ்ச பிறகு அரசாங்கம் சம்பளம் குடுத்து நடத்தின நடன இசைக்குழுவிலை அவர் சக்சபோன் வாசிச்சவர். குழு ஏன் உடைஞ்சது எண்டு கேக்கத்தான் அவள் வந்தது.

என்னட்டை அவர் மூண்டு கதை சொல்லியிருக்கிறார். சம்பளம் நிண்டது. தங்களுக்குள்ளை சண்டை வந்தது. ட்ரம்பெட்காரனை ஆமி கூட்டிக்கொண்டு போனது.

"மூண்டு சொன்னால் ஒண்டையும் நம்பமாட்டினம். ஒண்டிலை நில்லுங்கோ" எண்டு போன கிழமை முழுக்கப் பழக்கினது நான்தான். அகதி விசாரணைக்கு எங்கடை ஆக்கள் என்னைப் பழக்கின மாதிரியே.

சம்பளக் கதையை ஒரு பிசகில்லாமல் சொன்னார். அவள் சந்தோசமாய் எழுதிக்கொண்டு போனாள். புத்தகத்திலை வருமாம்.

கதவைச் சாத்தின உடனை கேட்டார்: "சரியாச் சொன்னனா?"

"நல்லாச் சொன்னியள்."

"மூண்டும் நடந்ததுதான், மகள். இனி ட்ரம்பெட்காரன் புத்தகத்திலை இல்லை."

அந்தப் பிள்ளையின்ரை நம்பர் என்னட்டைக் கிடக்கு. எடுத்து என்னெண்டு சொல்லுறது? ஏன் பழக்கினனீங்கள் எண்டு கேட்டால்?

என்ரை அண்ணையைப் பற்றிச் சொன்னால் கதை சிக்கும் எண்டு, விசாரணைக்குப் பழக்கினவை அப்ப என்னட்டையும் சொன்னவை. இண்டை வரைக்கும் என்ரை அகதிக் கோப்பிலை எனக்குச் சகோதரம் இல்லை.